தட்டில் பெயர் இல்லாதவர்கள்: ஆரம்பகால ஜாஸ் நடன இசைத்தட்டுகளில் வாசித்தவரைக் கண்டறிய எந்த வழி?

1920களில் அமெரிக்காவில் விற்பனையான ஒரு நடன இசைத்தட்டைக் கையில் எடுத்தால், அதன் லேபிளில் பாட்டின் பெயரும், அதை இயற்றியவர் பெயரும், ‘ஃபாக்ஸ் டிராட்’ என்ற நடன வகையும், அவற்றுக்குக் கீழே ஒரு குழுவின் பெயரும் அச்சாகியிருக்கும். கார்னெட் (டிரம்பெட்டைப் போன்ற ஊது வாத்தியம்) ஊதியவர் யார், கிளாரினெட் வாசித்தவர் யார், பியானோவில் அமர்ந்தவர் யார் என்பதற்கு அதில் இடமே கிடையாது. குழுவின் பெயரும் பல நேரங்களில் நிறுவனத்தார் அன்று சூட்டிய புனைபெயராகவே இருக்கும். ஆனால் தட்டை ஓட விட்டால், நடுவில் ஒருவர் பதினாறு தாளக்கட்டுக்கு எழுந்து நின்று ஊதியது நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. அவர் யார் என்று அறியும் ஆவல் அந்த நொடியில்தான் பிறக்கிறது.

அதைக் கண்டறிய இன்று நான்கு வழிகள் உள்ளன. நிறுவனத்தின் பதிவேடுகளும் தட்டிலேயே பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணும் ஒரு வழி. முன்னோர் தொகுத்து அச்சிட்ட இசைத்தட்டுப் பட்டியல்கள், அதாவது டிஸ்கோகிராஃபிகள், இன்னொரு வழி. வாசித்தவர்களின் நினைவும் அக்காலச் செய்தித்தாள்களும் மூன்றாவது. நம் காது நான்காவது. பெரும்பாலான ஆர்வலர்கள் காதில் தொடங்கிப் பட்டியலில் முடித்துக்கொள்கிறார்கள். எண்ணில் தொடங்கிக் காதில் முடிப்பதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களையும், எந்த வகைத் தட்டுக்கு எந்த வழி பொருந்தும் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

பெயர்கள் மறைந்ததற்கு வணிகக் காரணங்களே பெரும்பாலும் இருந்தன. ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்ட குழு வேறு நிறுவனத்துக்குத் தன் பெயரில் வாசிக்க முடியாது; ஆனால் வேறு பெயரில் வாசிக்கலாம், கூலியும் கிடைக்கும். விக்டர் தட்டு 75 சென்ட்டுக்கு விற்ற காலத்தில் 50 சென்ட்டுக்கும் அதற்குக் குறைவாகவும் விற்ற மலிவு லேபிள்கள் பல இருந்தன. ஒரே குழுவின் வாசிப்பைப் பத்துப் பெயர்களில் வெளியிட்டால், கடைக்கு வருபவர் கண்ணுக்குப் பத்துக் குழுக்கள் இருப்பதுபோலத் தோன்றும். ஃபிளெட்சர் ஹெண்டர்சனின் குழு கொலம்பியாவுக்குத் தன் சொந்தப் பெயரில் வாசித்தது; அதே கொலம்பியா நிறுவனத்தின் மலிவு லேபிளான ஹார்மனியில் ‘டிக்ஸி ஸ்டாம்பர்ஸ்’ ஆயிற்று. லூயி ஆம்ஸ்ட்ராங் ஓகே நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்த 1926-இல், அவருடைய ஹாட் ஃபைவ் குழு வொகாலியன் லேபிளில் ‘லில்ஸ் ஹாட் ஷாட்ஸ்’ என்ற பெயரில் ஒரு தட்டு வெளியிட்டது.

புனைபெயர்களுக்கு ஒரு சாவிப் பட்டியல் தயாரித்தால் போதும் என்று தோன்றலாம், போதாது. ‘ஜங்கிள் பேண்ட்’ என்ற பெயர் பிரன்ஸ்விக் தட்டுகளில் டியூக் எலிங்டனின் குழுவைக் குறித்தது. அதே நிறுவனம் 1929-இல் சிக் வெப்பின் முதல் தட்டுகளையும் அதே பெயரில்தான் வெளியிட்டது. ‘ஹூப்பி மேக்கர்ஸ்’ என்ற பெயர் சில தட்டுகளில் எலிங்டன் குழுவையும், வேறு சில தட்டுகளில் ஜாக் டீகார்டன், பென்னி குட்மன், ஜிம்மி மெக்பார்ட்லண்ட் ஆகியோரைக் கொண்ட முற்றிலும் வேறான வெள்ளையர் குழுவையும் குறிக்கிறது. ஆகவே குழுவின் பெயர் ஒரு தொடக்கக் குறிப்பு மட்டுமே. அதைச் சான்றாக நிறுத்தினால் முதல் அடியிலேயே வழி தவறும்.

தட்டின் மீது நம்பத்தக்க ஒரே எழுத்து மேட்ரிக்ஸ் எண்தான். தட்டை விளக்கின் கீழ்ச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால், இசைப்பள்ளம் முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் உள்ள வழுவழுப்பான வளையத்தில், கையால் கீறியோ அச்சால் குத்தியோ ஓர் எண் தென்படும். சில லேபிள்களில் அது லேபிள் தாளின் அடியிலேயே புடைத்து நிற்கும். கண்ணுக்குப் புலப்படாவிட்டால் மெல்லிய தாளை அதன் மேல் வைத்து மென்மையான பென்சிலை லேசாகத் தேய்த்தால் எண் எழும்பி வரும். லேபிளில் அச்சாகும் விற்பனை எண் கடைக்காரருக்கானது. மேட்ரிக்ஸ் எண்ணோ ஒலிப்பதிவு அறையில் அந்த மெழுகுத் தகட்டுக்குக் கொடுத்தது. அதனால்தான் அது புனைபெயரோடு சேர்ந்து மாறுவதில்லை. பேனர், டாமினோ, ரீகல் என்ற மூன்று லேபிள்களில் மூன்று குழுப் பெயர்களில் இருக்கும் ஒரே வாசிப்பை, அந்த எண்ணைக் கொண்டு ஒரு நிமிடத்தில் ஒன்றுசேர்த்துவிடலாம். எண்ணை அடுத்து ஓர் எழுத்தோ சிற்றெண்ணோ இருந்தால், அது எத்தனையாவது டேக், அதாவது அதே பாட்டை எத்தனையாவது முறை வாசித்துப் பதிவு செய்தது, என்பதைக் காட்டும். ஒரே பாட்டின் இரண்டு டேக்குகளில் தனி வாசிப்பு மாறியிருக்கும் என்பதால், அதையும் குறித்துக்கொள்ளாமல் இருவர் விவாதித்தால் வெவ்வேறு வாசிப்புகளைப் பற்றி விவாதித்துக்கொண்டிருப்பார்கள்.

எண்ணின் இன்னொரு பயன் அதன் அண்டை வீட்டாரில் இருக்கிறது. அடுத்தடுத்த எண்கள் பெரும்பாலும் ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாள்களிலோ பதிவானவை. பெயர் தெரியாத தட்டின் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்கள் இரண்டும் அடையாளம் உறுதியான ஒரே குழுவுக்கு உரியவை என்றால், நடுவில் உள்ளதும் அவர்களுடையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. வேறொரு நிறுவனத்திடமிருந்து வாடகைக்கு வாங்கிய பதிவுக்குச் சில நிறுவனங்கள் தங்கள் வரிசையில் ஒரு புது எண்ணைப் போட்டுவிடும். பார்ப்பதற்கு மேட்ரிக்ஸ் எண் போலவே இருக்கும் அந்த எண், பதிவான நாளைப் பற்றி எதுவும் சொல்லாது.

எண் கிடைத்தபின் பதிவேட்டுக்குப் போக வேண்டும். விக்டர் நிறுவனத்தின் பதிவேடுகள் இவற்றில் மிகச் சிறந்தவை: நாள், ஊர், எடுத்த டேக்குகள், அவற்றில் எது தேர்வானது, குழுவில் எத்தனை கார்னெட், எத்தனை சாக்ஸபோன், பாஞ்சோ உண்டா, டியூபா உண்டா என்ற வாத்தியக் கணக்கு ஆகியவை அவற்றில் உள்ளன. அவற்றின் தரவுகளைச் சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் நடத்தும் அமெரிக்க வரலாற்று ஒலிப்பதிவுகளின் பட்டியலில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். வாத்தியக் கணக்கு பெயர்களைச் சொல்வதில்லை. ஆனால் தவறான பெயர்களை வெளியேற்றுவதில் அதற்கு நிகர் இல்லை. பதிவேடு ஒரே ஒரு டிரம்பெட் என்று சொல்லும்போது, அந்த அமர்வுக்கு இரண்டு டிரம்பெட் கலைஞர்களின் பெயரை எழுதி வைத்திருப்பவர் எவ்வளவு மதிப்புக்குரியவராக இருந்தாலும், அவர் எழுதியதை மறுபரிசீலனை செய்துதான் ஆக வேண்டும்.

நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் கணக்குகள் சில நேரம் இதையும் விஞ்சும். கலிஃபோர்னியா ராம்ப்ளர்ஸ் என்ற நியூயார்க் குழு (பெயரில் மட்டும்தான் கலிஃபோர்னியா) கோல்டன் கேட் ஆர்க்கெஸ்ட்ரா, வர்சிட்டி எய்ட், யூனிவர்சிட்டி சிக்ஸ், லிட்டில் ராம்ப்ளர்ஸ், கூஃபஸ் ஃபைவ் எனப் பல பெயர்களில் தட்டுகளைக் குவித்தது. ஏட்ரியன் ரொலினி, டார்சி சகோதரர்கள், ரெட் நிக்கல்ஸ் எனப் பலர் அதில் வந்து போனார்கள். அக்குழுவின் மேலாளர் எட் கிர்க்பி விட்டுச்சென்ற ஆவணங்கள் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் ஆய்வு நிலையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. யாரை அழைப்பது, யாருக்குக் கூலி கொடுப்பது என்பதைத் தன் பொறுப்பில் வைத்திருந்த ஒருவர் அன்றாடம் எழுதிய குறிப்பு, இருபது ஆண்டு கழித்து எவரும் சொல்லும் நினைவைவிட எனக்குப் பெரிது. கூலி கொடுக்கும் கணக்கில் பொய் எழுதக் காரணம் குறைவு.

எல்லா நிறுவனங்களுக்கும் இந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. பாஸ்டனைச் சேர்ந்த கிரே கல் நிறுவனம் அதற்கு எடுத்துக்காட்டு. மட்டமான அரக்கில் அச்சிட்ட மலிவுத் தட்டுகள் அவை. ஒரே விற்பனை எண்ணில் வெவ்வேறு பதிவுகளைக்கூட அது வெளியிட்டிருக்கிறது. டிரம்பெட்டில் மைக் மொசியெல்லோ, சாக்ஸபோனிலும் கிளாரினெட்டிலும் ஆண்டி சனெல்லா, அக்கார்டியனில் சார்ல்ஸ் மக்னான்டே ஆகியோர் அந்நிறுவனத்தின் 1920களின் கடைசி ஆண்டுத் தட்டுகளில் வாசித்தார்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அடையாளம். ஆனால் ஒரு குறிப்பிட்ட தட்டில் ஒரு குறிப்பிட்ட நாளில் அம்மூவரும் இருந்தார்களா என்று கேட்டால், பதிவேட்டைக் காட்டி யாரும் பதில் சொல்ல முடியாது.

அச்சுப் பட்டியல்களுக்கு வருகிறேன். 1936-இல் பாரிசில் சார்ல்ஸ் டெலோனே வெளியிட்ட நூல் இத்துறைக்கு வழிகோலியது. பிரிட்டனைச் சேர்ந்த பிரையன் ரஸ்ட் 1961 முதல் வெளியிட்ட ஜாஸ் பட்டியலும், 1975-இல் வந்த அமெரிக்க நடனக் குழுக்களின் பட்டியலும் இன்றுவரை ஒவ்வொரு ஆர்வலரின் மேசையிலும் இருக்கின்றன. ஒரு தனி மனிதர் இவ்வளவு தட்டுகளை ஒழுங்குபடுத்தினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் அவற்றில் ஒரு பெருங்குறை உண்டு. ஒரு பெயர் பதிவேட்டிலிருந்து வந்ததா, வாசித்தவரே சொன்னதா, ஒரு சேகரிப்பாளர் காதால் கேட்டு ஊகித்ததா என்பதை அவை பெரும்பாலும் சொல்வதில்லை. மூன்று வகைப் பெயர்களும் ஒரே எழுத்தில், ஒரே வரியில், அருகருகே நிற்கின்றன. படிப்பவர் அவை எல்லாவற்றையும் ஒரே தரமான உண்மை என்று எடுத்துக்கொள்கிறார். அந்தப் பெயர்களை மறுபதிப்பு இசைத்தட்டின் உறைகள் படியெடுத்தன. உறைகளிலிருந்து இணையத் தளங்கள் படியெடுத்தன. இருபது இடங்களில் ஒரே பெயர் காணப்படுவது இருபது சான்றுகள் ஆகாது. ஒரு சான்று, அல்லது ஓர் ஊகம், இருபது முறை எதிரொலித்ததுதான் அது.

வாசித்தவர்களின் நினைவைப் பற்றிப் பலருக்கு மிகையான நம்பிக்கை இருக்கிறது. மிஃப் மோல், ஃபில் நெப்போலியன் போன்றோர் ஒரிஜினல் மெம்ஃபிஸ் ஃபைவ் என்றும், ஜெனட் லேபிளில் லேட்ஸ் பிளாக் ஏசஸ் என்றும், பிரன்ஸ்விக்கில் காட்டன் பிக்கர்ஸ் என்றும் நூற்றுக்கணக்கான தட்டுப் பக்கங்களைப் பதிவு செய்தவர்கள். காலையில் ஒரு நிறுவனம், மாலையில் இன்னொரு நிறுவனம் என்று ஓடியவரிடம் முப்பது ஆண்டு கழித்து ஒரு தட்டைப் போட்டுக் காட்டி ‘இது நீங்களா?’ என்று கேட்டால், ஆர்வத்தோடு வந்திருப்பவரை ஏமாற்ற மனமின்றி ஆம் என்று சொல்லிவிடுவது மனித இயல்பு. கேள்வியிலேயே பெயரை வைத்துக் கேட்டால் பதிலின் மதிப்பு இன்னும் குறைகிறது. ஆனால் ஒரு குழுவில் எந்த ஆண்டு சேர்ந்தார், யாருக்குப் பதிலாக வந்தார், எந்த நடன அரங்கில் வாசித்தார் என்பனவற்றை அவர்கள் நன்றாகவே நினைவில் வைத்திருந்தார்கள். நியூ ஆர்லியன்சின் டுலேன் பல்கலைக்கழகத்தில் 1958-இல் தொடங்கிய ஜாஸ் ஆவணக் காப்பகத்தின் நேர்காணல்கள் அந்த வகையில் பெருஞ்செல்வம். தனித் தட்டுக்கு அல்ல, குழுவின் வரலாற்றுக்கே நினைவைச் சாட்சியாக அழைக்க வேண்டும்.

செய்தித்தாளின் நிலை வேறு. பதிவு நடந்த அதே வாரத்தில் அச்சான செய்தி மறதிக்கு ஆட்படாதது. கறுப்பினக் கலைஞர்களைப் பொறுத்தவரை சிகாகோ டிஃபெண்டர் ஏட்டில் டேவ் பெய்ட்டன் எழுதிவந்த பத்தி, யார் எந்தக் குழுவிலிருந்து விலகி எங்கே சேர்ந்தார் என்பதை 1920களின் பிற்பகுதியில் வாராவாரம் சொல்லிவந்தது. நியூயார்க் குழுக்களுக்கு வெரைட்டி ஏடும், இசைத்தட்டு வணிகர்களுக்கான டாக்கிங் மெஷின் வேர்ல்டு இதழும் இருந்தன. இந்தியானாவிலோ மிசூரியிலோ ஒரு சிற்றூர் நடனக் குழு ஜெனட் நிறுவனத்தின் ரிச்மண்ட் நகர அறைக்குப் போய் இரண்டு பக்கங்கள் மட்டும் பதிவு செய்து மறைந்திருந்தால், அவர்களுடைய உள்ளூர் ஏடு அதைப் பெருமையோடு எழுதியிருக்கக் கூடும், சில நேரம் எல்லாப் பெயர்களோடும். முதலாம் உலகப் போர்க்கால இராணுவப் பதிவு அட்டைகளிலும் மக்கள்தொகைக் கணக்குத் தாள்களிலும் ‘இசைக்கலைஞர்’ என்ற தொழிலும் ஊரும் இருக்கும். ஏட்டில் கண்ட பெயரை அவற்றோடு ஒப்பிட்டு உறுதி செய்யலாம். எவரும் அறியாத குழுவுக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது.

இனி காது. இசையை நேசிப்பவருக்கு இதுவே மிகவும் இனிமையான வழி. அதனாலேயே மிகவும் ஆபத்தானதும் இதுவே. கார்னெட் மேதை பிக்ஸ் பைடர்பெக்கின் வரலாறு இதற்குப் போதுமான பாடம். 1929-இன் தொடக்கத்தில், பிக்ஸின் உடல்நிலை சீர்கெட்டிருந்தபோது, அவர் வாசித்துவந்த நடனக் குழுவின் தலைவர் பால் வைட்மன் தன் குழுவில் ஆண்டி சீக்ரெஸ்ட் என்ற கார்னெட் கலைஞரைச் சேர்த்துக்கொண்டார். சீக்ரெஸ்ட் பிக்ஸின் நடையிலேயே ஊதக் கூடியவர். அந்த ஆண்டின் வைட்மன் தட்டுகளிலும் ஃபிராங்கி டிரம்பாவர் தட்டுகளிலும் எந்த வாசிப்பு யாருடையது என்பதைப் பற்றி, பிக்ஸை உயிராக நேசித்தவர்களே பல்லாண்டுகள் முரண்பட்டார்கள். பென்னி மெராஃப் குழுவின் 1928 ஆண்டுத் தட்டு ஒன்றில் பிக்ஸ் போலவே ஒலிப்பவர் இளம் வைல்டு பில் டேவிசன். ஒரு மேதையின் நடையை நாடு முழுவதும் இளைஞர்கள் பயின்றுகொண்டிருந்த காலத்தில், நடையின் சாயல் ஒன்றையே வைத்து ஆளைத் தீர்மானிப்பது, தந்தையின் குரலைக் கேட்டு மகனைத் தந்தை என்று அழைப்பது போன்றது. அப்படி அழைக்கும்போது நாம் மேதைக்கு இன்னொரு தட்டைச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். சீக்ரெஸ்டுக்கு இருந்ததே சில தட்டுகள்தாம், அவற்றில் ஒன்றைப் பறித்தும் விடுகிறோம். எனக்கு இந்த ஆய்வு முழுவதும் நியாயத்தைப் பற்றிய கேள்வியாகத் தோன்றுவது இதனால்தான்.

காது எதில் நம்பத்தக்கது, எதில் நம்பத்தகாதது என்று பிரித்துவிட்டால் அதன் பயன் பெருகும். வாத்தியத்தை அடையாளம் காண்பதில் பழகிய காது பெரும்பாலும் தவறுவதில்லை. அடித்தளத்தில் ஒலிப்பது டியூபாவா பாஸ் சாக்ஸபோனா என்பதைச் சொல்லிவிட முடியும். 1920களின் நடுவில் நியூயார்க்கில் பாஸ் சாக்ஸபோனில் துள்ளலான தனி வாசிப்பு கேட்டால், ரொலினியின் பெயர் முதலில் நினைவுக்கு வருவதில் தவறில்லை. அத்தகையோர் மிகச் சிலரே. பொம்மை சாக்ஸபோன் போன்ற தோற்றமுடைய கூஃபஸ் என்ற நாக்குக்கருவி ஒலித்தால் வட்டம் இன்னும் சுருங்குகிறது. ஆனால் கார்னெட், கிளாரினெட் போன்று நூறு பேர் வாசித்த வாத்தியத்தில் ஆளைச் சொல்லும்போது அந்த உறுதியை எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொன்று வேகம். நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பெயரளவில்தான். 1920களின் தட்டுகள் பல அதற்குக் கூடவோ குறையவோ பதிவானவை. 78-இல் பதிவான தட்டைச் சுமார் 82.6-இல் ஓட்டினால் சுருதி முழுதாக அரைச் சுரம் ஏறிவிடும். சுருதியோடு தாளமும் ஓடும். வாசிப்பவரின் நீண்ட சுரத்தில் வரும் அதிர்வின் வேகமும் கூடும். அந்த அதிர்வுதான் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும் கைரேகை. கைரேகையே கலைந்தபின் எவ்வளவு கூர்ந்து கேட்டும் பயனில்லை. ஊது வாத்தியங்கள் நிறைந்த நடனக் குழுக்கள் பி ஃபிளாட், ஈ ஃபிளாட், எஃப் போன்ற சுருதிகளையே விரும்பின என்பதால், ஒரு மறுபதிப்பு ஈ சுருதியிலோ பி சுருதியிலோ ஒலித்தால், ஆளைத் தேடும் முன் வேகத்தைச் சரிசெய்வது நல்லது. 1925-இல் மின்முறைப் பதிவு வந்ததையும் மறக்கக் கூடாது. அதற்கு முன் ஒலியைத் திரட்டும் பதிவுக் கொம்பின் வாயில் வாசித்தவரின் ஒலிக்கும் பின் மைக்ரோஃபோன் முன் வாசித்தவரின் ஒலிக்கும் வேறுபாடு மிகப் பெரிது. ஹார்மனி லேபிள் மின்முறை வந்த பிறகும் பல ஆண்டுகள் பழைய முறையிலேயே பதிவு செய்தது. ஒரே கலைஞர் ஒரே ஆண்டில் கொலம்பியாவிலும் ஹார்மனியிலும் வாசித்தால் இருவர் போல ஒலிப்பார்.

கணினி மென்பொருளைக் கொண்டு ஒலியை அலசி ஆளைக் கண்டறியலாம் என்று இப்போது சொல்கிறார்கள். வேகத்தை அளக்கவும் இரைச்சலை விலக்கவும் அது உதவும். ஆளைச் சொல்வதில் நான் தயங்குகிறேன். ஒருவரின் மாதிரி என்று மென்பொருளுக்கு ஊட்டும் தட்டுகளே பழைய ஊகங்களால் அவருக்கு உரியவை ஆனவை என்றால், அது நம் ஊகத்தை நம்மிடமே திருப்பித் தரும். மனிதக் காதுக்கும் இதே குறை உண்டு. ஆதாரத்தால் உறுதியான தட்டுகளை மட்டுமே மாதிரியாகக் கொண்டால் இரண்டும் பயன்படும்.

ஆகவே விக்டர், எடிசன் போன்ற பெரிய நிறுவனங்களின் தட்டு என்றால் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் முதலில் போக வேண்டியதில்லை. நியூயார்க்கின் மலிவு லேபிள்களுக்கு மேட்ரிக்ஸ் எண்ணும், அதன் அண்டை எண்களும், அடுத்து வாத்தியத்தை மட்டும் சொல்லும் காதும் போதுமான அளவுக்குக் கொண்டு சேர்க்கும். சிற்றூர்க் குழு என்றால் நேராக உள்ளூர் ஏட்டுக்குப் போக வேண்டும். கிரே கல் போன்ற ஆதாரமற்ற நிறுவனத்துக்குக் காது ஒன்றே கதி. அங்கே கிடைக்கும் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு கேள்விக்குறி இட்டே தீர வேண்டும்.

முடிவு எட்டாத இடத்தில் அதை எப்படி எழுதி வைப்பது என்பதற்கு ஒரு தட்டைக் காட்டுகிறேன். 1929 ஏப்ரலில் ஓகே நிறுவனத்துக்காக ‘பிளைண்ட் வில்லி டன்னின் ஜின் பாட்டில் ஃபோர்’ என்ற குழு இரண்டு பக்கங்கள் பதிவு செய்தது. பிளைண்ட் வில்லி டன் என்பது வெள்ளையரான கிட்டார் கலைஞர் எடி லாங்கின் புனைபெயர். கறுப்பினக் கிட்டார் மேதை லானி ஜான்சனோடு அவர் சேர்ந்து வாசித்ததை மறைக்கப் பிறந்தது. அதில் கார்னெட் ஊதுபவர் நியூ ஆர்லியன்சின் மூத்த கலைஞர் கிங் ஆலிவர் என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. வாசிப்பின் நிதானமும் புளூஸ் சாயலும் அதற்குத் துணை நின்றன. டாமி டார்சி என்று பிற்காலத்தில் பலர் வாதிட்டார்கள். டிராம்போனுக்குப் பெயர்பெற்ற டார்சி, 1928-லும் 1929-லும் அதே ஓகே நிறுவனத்துக்கு, அதே எடி லாங்கின் துணையோடு, தன் சொந்தப் பெயரில் டிரம்பெட் வாசித்துத் தட்டுகள் வெளியிட்டிருக்கிறார். ஒப்பிடுவதற்கு உறுதியான மாதிரி கையில் இருக்கிறது. ஆலிவரோ அந்த ஆண்டில் விக்டருக்கு வாசித்தவர், ஈறு நோயால் அவதிப்பட்டவர். ஆயினும் நியூயார்க்கில் இருந்தவர். என் காது டார்சியின் பக்கமே சாய்கிறது. ஆனாலும் என் குறிப்பேட்டில் அந்த வரியை இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: கார்னெட் அல்லது டிரம்பெட், டாமி டார்சி (காதால், உறுதியான 1928–29 தட்டுகளோடு ஒப்பிட்டு) அல்லது கிங் ஆலிவர் (பழைய பட்டியல்களின்படி), பதிவேட்டுச் சான்று கிடைக்கும்வரை இரண்டு பெயர்களும் நிற்கட்டும்.